இயல்புநிலை என்பது யாருடைய இயல்பு?

ஒரு கோப்பின்மீது இருமுறை சொடுக்கினால் எந்தச் செயலி அதைத் திறக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை, அக்கோப்பை வைத்திருப்பவருக்கே உரியது. இதை வெளிப்படையாக மறுப்பவர் எவரும் இலர். ஆயினும் நடைமுறையில் அவ்வுரிமை கணினியை வாங்கிய நாளிலேயே கைமாறிவிடுகிறது. வாசிப்புச் செயலியில் விரிய வேண்டிய பிடிஎஃப் கட்டுரை உலாவியின் தாவலில் விரிகிறது. களப்பணியில் பதிவான ஒலிக்கோப்பைப் பாட்டுக் கேட்பதற்கான செயலி இழுத்துக்கொள்கிறது. பல மாத உழைப்பில் திரண்ட தரவு அட்டவணையை விரிதாள் செயலி தன் விருப்பம்போல் திருத்திக் காட்டுகிறது. அமைப்பை மாற்றி வைத்தால் சில வாரங்களில் பழைய நிலை திரும்பிவிடுகிறது. இதைக் கணினி ஆய்வகப் பொறுப்பாளரிடம் முறையிடும் ஆய்வு மாணவருக்குக் கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: "உங்களுக்குக் கையாளத் தெரியவில்லை."

இந்த மறுமொழி தவறானது. சிக்கலின் வேர் பயனரின் அறியாமையில் இல்லை. எதை அவர் அறியக் கூடாது, எதை அவர் எளிதில் மாற்றக் கூடாது என்று இயங்குதளத்தை வடிவமைத்தோர் எடுத்த முடிவுகளில் இருக்கிறது. அம்முடிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் கோப்பின் பெயர். விண்டோஸ் இயங்குதளத்தில் கோப்பின் வகையைக் குறிப்பது அதன் பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வரும் சில எழுத்துகள். அந்தப் பின்னொட்டைப் பார்த்தே எந்தச் செயலியை அழைப்பது என்று இயங்குதளம் முடிவுசெய்கிறது. தமிழ் வினைச்சொல்லின் விகுதியோடு இதை ஒப்பிடலாம். 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தது' என்ற மூன்றிலும் பகுதி ஒன்றே. வந்தது யார் என்பதை விகுதிதான் சொல்கிறது. விகுதிகளை எல்லாம் அழித்துவிட்டு ஒரு பக்கத்தை ஒருவரிடம் கொடுத்து, வந்தவர் யாரென்று தெரியாதது அவருடைய இலக்கண அறியாமை என்று பழித்தால் அது எவ்வளவு நேர்மையோ, அவ்வளவு நேர்மைதான் கணினி ஆய்வகத்தின் மறுமொழியிலும் இருக்கிறது. ஏனெனில் 1995ஆம் ஆண்டின் விண்டோஸ் முதல் இன்றுவரை, தனக்குத் தெரிந்த வகைக் கோப்புகளின் பின்னொட்டை இயங்குதளம் மறைத்தே காட்டுகிறது. அதற்குப் பதிலாக அது காட்டுவது ஒரு சின்னம். அச்சின்னமோ கோப்பின் வகையைச் சொல்வதில்லை. அதைத் திறக்கப்போகும் செயலியின் விளம்பரமாகவே நிற்கிறது.

இந்த மறைப்புக்கு உலகம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்புடன் மின்னஞ்சல்களில் பரவிய தீநிரலின் இணைப்புக்கோப்பு, காதல் கடிதம் என்ற பெயரையும் அதைத் தொடர்ந்து '.டிஎக்ஸ்டி' என்ற பின்னொட்டையும் தாங்கியிருந்தது. அதற்கும் பின்னால் '.விபிஎஸ்' என்ற உண்மையான பின்னொட்டு இருந்தது. இயங்குதளம் இறுதிப் பின்னொட்டை மறைத்ததால் படிப்பவர் கண்ணுக்கு அது சாதாரண உரைக்கோப்பாகத் தெரிந்தது. சொடுக்கியவுடன் அவ்வகைக்கு முன்கூட்டியே நியமிக்கப்பட்டிருந்த செயலி அந்நிரலை இயக்கிவிட்டது. பின்னொட்டைக் காட்டியிருந்தால் ஐயுற்றிருக்கக்கூடியோர் பலர். அவ்வகைக் கோப்பை உரைத்திருத்தியில் திறக்குமாறு அமைத்திருந்தால், சொடுக்கியவர்க்கும் சில வரிகள் கண்ணில் பட்டதோடு தீங்கு முடிந்திருக்கும். இன்றும் பாதுகாப்பில் கவனமுள்ள நிறுவனக் கணினிகளில் நிரல்வகைக் கோப்புகளை நோட்பேடில் திறக்குமாறு மாற்றி வைப்பது அறியப்பட்ட தற்காப்பு முறை. எந்தக் கோப்பை எது திறக்கிறது என்பது வெறும் வசதிக் கேள்வி என்போர் இந்த வரலாற்றை நினைவில் கொள்வது நல்லது.

அடுத்தது சொல். ஆங்கிலத்தில் 'டிஃபால்ட்' என்ற சொல்லின் வேர்ப்பொருள் தவறுதல், இல்லாமை. கடன் தவணை தவறியவரை இந்தியச் செய்தித்தாள்கள் 'டிஃபால்ட்டர்' என்கின்றன. நீதிமன்றத்தில் முன்னிலையாகத் தவறியவருக்கு எதிராக வழங்கப்படும் தீர்ப்புக்கும் அடைமொழி இதுவே. ஆகவே அந்தச் சொல், தேர்ந்தெடுக்க வேண்டியவர் தேர்ந்தெடுக்காததால் மற்றொருவர் செய்துவைத்த ஏற்பாடு இது என்பதை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. தமிழாக்கத்திலோ அது 'இயல்புநிலை' ஆகிவிட்டது. தமிழ் இலக்கணத்தில் இயல்பு என்பதற்குத் திட்டமான பொருள் உண்டு. பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை ஆகும்போது எழுத்து தோன்றவுமில்லை, திரியவுமில்லை, கெடவுமில்லை; எனவே அது இயல்பு புணர்ச்சி. யாரும் கைவைக்காதது இயல்பு. ஆனால் கணினியில் இயல்புநிலை என்று அழைக்கப்படுவது ஒரு வணிக நிறுவனம் கைவைத்து, ஒப்பந்தம் பேசி, முன்கூட்டியே பொருத்திவைத்த ஒன்று. புணர்ச்சி இலக்கணம் தெரிந்தவர் இதை விகாரம் என்றே சொல்வார். 'முன்னிருப்பு' என்ற மாற்றுச்சொல்லும் கணித்தமிழில் புழங்குகிறது. பயனர் வருமுன்பே அங்கே ஒன்று அமர்ந்திருந்தது என்பதை அச்சொல் மறைக்காமல் சொல்கிறது. எச்சொல் வழங்கினாலும், செய்யப்பட்ட ஏற்பாட்டை இயற்கை என்று நம்பவைக்கும் மயக்கத்திலிருந்து விடுபடுவது முதல் தேவை.

இம்மயக்கம் ஆய்வுலகில் விளைத்த சேதம் பதிவாகியிருக்கிறது. காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எளிய உரைத்தரவுக் கோப்பு '.சிஎஸ்வி' என்ற பின்னொட்டைக் கொண்டது. அதைப் படைத்தது எச்செயலியும் ஆகலாம். அது எந்த நிறுவனத்துக்கும் சொந்தமன்று. ஆயினும் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் நிறுவப்பட்ட கணினியில் அது எக்செல் போன்ற சின்னத்தை அணிந்துகொள்கிறது. பின்னொட்டும் மறைக்கப்படுவதால் அது எக்செல் கோப்பு என்றே பல ஆய்வாளர்கள் நம்புகின்றனர். இருமுறை சொடுக்கித் திறக்கும்போது எந்த நெடுவரிசை எழுத்து, எது எண், எது தேதி என்று எக்செல் கேட்பதில்லை, தானே ஊகிக்கிறது. தகவலாளிக்கு இட்ட '0012' என்ற குறியீடு 12 ஆகிறது. '3-4' என்று எழுதப்பட்ட வகைக்குறி ஏப்ரல் 3 ஆகிறது. இதைக் கவனியாமல் சேமித்தால் பழைய வடிவத்தை அக்கோப்பிலிருந்து மீட்க வழியில்லை. தரவை இறக்குமதி செய்யும் தனிவழியில் சென்றால் இவ்வாறு ஆகாமல் தடுக்கலாம். ஆனால் சொடுக்கு அந்த வழியில் செல்வதில்லை.

மரபணுவியலார் இதை நன்கு அறிவர். செப்டின் குடும்ப மரபணுக்களுக்கும் மார்ச் என்று தொடங்கும் மரபணுக்களுக்கும் வழங்கிய சுருக்கப் பெயர்களை எக்செல் செப்டம்பர், மார்ச் மாதத் தேதிகளாக மாற்றிவந்தது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல் வடிவில் மரபணுப் பட்டியலை இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழை இருப்பதைக் காட்டியது. 2020இல் மனித மரபணுப் பெயரீட்டுக் குழு அம்மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. ஒரு செயலியின் ஊகத்துக்கு ஏற்ப ஓர் அறிவியல் துறை தன் கலைச்சொற்களைத் திருத்திக்கொண்டது. அத்தகைய தன்னியக்க மாற்றங்களை நிறுத்திவைக்கும் வசதியை எக்செல் தந்தது அதற்குப் பின்னர், 2023இல்.

தமிழ்த் தரவுக்கு நேர்வது இதைவிட நகைப்புக்குரியது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளால் ஆனது. கோப்பின் தொடக்கத்தில் அம்முறையைச் சுட்டும் அடையாளம் இல்லையென்றால், சொடுக்கித் திறக்கும்போது எக்செல் அதைப் பழைய மேற்கத்தியக் குறிமுறையாகக் கருதிவிடுகிறது. அப்போது ஒரு தமிழ் எழுத்து இருந்த இடத்தில் மூன்று குறிகள் தோன்றுகின்றன. முதலாவது, தலையில் சாய்கோடு தாங்கிய லத்தீன் எழுத்து. இரண்டாவது, தமிழின் எல்லா உயிர்களுக்கும் அகரமேறிய மெய்களுக்கும் பொதுவாக, வட்டத்துக்குள் 'ஆர்' இட்ட பதிவுபெற்ற வணிகக்குறி. பொதுச்சொத்தான ஒரு மொழியின் எழுத்துகள்தோறும் வணிக முத்திரை குத்தப்பட்டதுபோல் திரை நிறைகிறது. இதைக் கண்ட பலர் கோப்பு கெட்டுவிட்டதென்று நீக்கியிருப்பர், அல்லது தமிழுக்குக் கணினி ஒத்துவராது என்று முடிவுகட்டியிருப்பர். கோப்பில் குறையில்லை, யூனிகோடிலும் குறையில்லை. பிழையான செயலி பிழையான ஊகத்தோடு கதவைத் திறந்தது, அவ்வளவே.

மூன்றாவது, பூட்டும் திறவுகோலும். விண்டோஸ் 8 வெளியான 2012 முதல், ஒரு கோப்புவகைக்குப் பயனர் தேர்ந்த செயலியின் பெயரோடு ஒரு சரிபார்ப்புக் குறியும் பதிவேட்டில் சேமிக்கப்படுகிறது. பிற செயலி எதுவும் அங்கே தானாக நுழைந்து தன் பெயரை எழுதிக்கொள்ள முடியாது. எழுதினால் குறி பொருந்தாமல் தேர்வு நீக்கப்படும். இதற்குச் சொல்லப்படும் காரணத்தில் நியாயம் உண்டு. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இசை இயக்கிகளும் ஒளிப்பட நோக்கிகளும் நிறுவியவுடன் கைக்கெட்டிய கோப்புவகைகளை எல்லாம் கவர்ந்துகொண்டன. தீநிரல்களும் அவ்வாறே செய்தன. பயனரின் தேர்வைக் காக்க ஒரு பூட்டு வேண்டும் என்பதை மறுக்க இயலாது.

பூட்டைச் செய்தவர் தமக்கு மட்டும் ஒரு திறவுகோலை வைத்துக்கொண்டார் என்பதே குற்றச்சாட்டு. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது, விரைவு அமைப்பு முறையில் மேம்படுத்தியவர்களின் உலாவித் தேர்வு மைக்ரோசாஃப்டின் சொந்த உலாவிக்கு மாறியது. மொசில்லாவின் தலைமைச் செயல் அலுவலராக இருந்த கிறிஸ் பியர்ட் இதைக் கண்டித்து மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்ய நாதெள்ளாவுக்குத் திறந்த மடல் எழுதினார். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது நிலைமை மேலும் கடுமையானது. வேறோர் உலாவிக்கு மாற விரும்பியவர் இணையப் பக்கங்களின் இருவகைப் பின்னொட்டுகள், பிடிஎஃப், எஸ்விஜி, இணைப்பு நெறிமுறைகள் என ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்ற வேண்டியதாயிற்று. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவிக்கோ தன்னுள்ளிருந்தே ஒரே சொடுக்கில் தன்னை நியமித்துக்கொள்ளும் வழி இருந்தது. அதே ஆண்டில் ஃபயர்பாக்ஸ், அந்தச் சரிபார்ப்புக் குறியைக் கணிக்கும் முறையைத் தானே கண்டறிந்து, அதே ஒற்றைச் சொடுக்கு வசதியைத் தன் பயனருக்கும் தந்தது. எதிர்ப்புகளுக்குப் பின் 2022இல் ஒரே பொத்தானில் உலாவியை மாற்றும் வசதி வந்தது. அதுவும் சில வகைகளுக்கு மட்டுமே; பிடிஎஃப் அப்போதும் தனியே நின்றது.

திருடனைத் தடுக்கவே பூட்டு என்றால், வீட்டுக்காரர் தம் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து திரிய வேண்டிய கட்டாயம் ஏன்? பூட்டு விற்றவர் மட்டும் எல்லா அறைகளுக்கும் ஒரே சாவியோடு வந்துபோவது எந்தப் பாதுகாப்பின் பொருட்டு? இவ்வினாக்களுக்கு விடையில்லாதவரை, பாதுகாப்பு என்ற வாதம் பாதி உண்மையாகவே எஞ்சும்.

விடை சொல்லுமாறு வற்புறுத்திய நாடுகள் உண்டு என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். ஐரோப்பிய ஆணையத்திடம் 2009இல் அளித்த உறுதிமொழியின்படி, உலாவியைத் தேர்ந்தெடுக்கும் திரையை மைக்ரோசாஃப்ட் பயனருக்குக் காட்ட வேண்டியிருந்தது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை சுமார் ஒன்றரைக் கோடிப் பயனர்களுக்கு அத்திரை காட்டப்படவில்லை. அதற்காக 2013 மார்ச்சில் 56.1 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் எண்ணிமச் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் நடைமுறைக்கு வந்தபின், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் உள்ளவர் எட்ஜ் உலாவியைக் கணினியிலிருந்து நீக்கவே முடிகிறது. அதே இயங்குதளம், அதே நிறுவனம். தொழில்நுட்பத்தால் இயலாது என்று சொல்லப்பட்டவை சட்டம் வந்தவுடன் இயன்றன.

இந்தியாவில் அந்தச் சட்டம் இல்லை. முன்மாதிரி இல்லாமலும் இல்லை. ஆண்ட்ராய்டு வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுள்மீது 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கைப்பேசியை முதன்முதல் அமைக்கும்போதே தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கப் பயனருக்கு இடந்தர வேண்டும் என்றும் அவ்வாணை கூறியது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில கட்டளைகளை நீக்கினாலும் அபராதத்தை 2023 மார்ச்சில் உறுதிசெய்தது. முன்னிருப்பு என்பது சந்தை ஆதிக்கத்தின் கருவி என்பதை இந்நாட்டின் அமைப்பு ஒன்றே ஏற்றுக்கொண்டுவிட்டது. 2024 மார்ச்சில் எண்ணிமப் போட்டி மசோதாவின் வரைவும் வெளியானது. கைப்பேசிக்கு ஒரு நீதி, பல்கலைக்கழக மேசைக் கணினிக்கு ஒரு நீதி என்பது நிலைக்கத் தக்கதன்று.

அரசின் கொள்கைகள் ஏட்டில் நல்லவையாகவே உள்ளன. மைக்ரோசாஃப்டின் ஆவண வடிவம் பன்னாட்டுத் தர அமைப்பில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 2007இலும் 2008இலும் இந்தியா அதை ஏற்கவில்லை. 2010இல் மின்னாளுகைக்கான திறந்த தரங்கள் குறித்த கொள்கை வெளியிடப்பட்டது. ஆயினும் ஆய்வேட்டின் சுருக்கத்தையும் முன்னேற்ற அறிக்கையையும் 'வேர்டு ஃபைலாக' அனுப்புக என்று கேட்கும் துறை அலுவலகங்களுக்குக் குறைவில்லை. கொள்கை ஒன்றைச் சொல்கிறது, சொடுக்கு வேறொன்றைத் திறக்கிறது. திறந்த செயலியே சேமிக்கும் வடிவத்தையும் தீர்மானிக்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான மேசைகளில் நிகழும் அச்சிறு செயலின்முன் கொள்கை ஆவணம் தோற்றுவிடுகிறது.

எனவே பல்கலைக்கழகங்கள் உடனே செய்யத்தக்கவை சில உண்டு. எவற்றுக்கும் பணம் தேவையில்லை. ஆய்வகக் கணினிகள் அனைத்திலும் கோப்பு உலவியின் 'வியூ' பட்டியலில் பின்னொட்டுகளைக் காட்டும் தெரிவை இயக்கி வைக்க வேண்டும். ஆய்வு முறையியல் பாடத்தில் மேற்கோள் முறைகளைக் கற்பிக்கும் அக்கறையோடு, ஒரு மணி நேரமாவது கோப்புவகைகளைக் கற்பிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் கற்பிக்கத்தக்கது இவ்வளவே. கோப்பின்மீது வலச்சொடுக்கி 'ஓப்பன் வித்' பட்டியலில் வேறு செயலியைத் தேரலாம். 'ஜஸ்ட் ஒன்ஸ்' என்பது அந்த ஒரு முறைக்கும், 'ஆல்வேஸ்' என்பது இனி எப்போதைக்கும். செட்டிங்ஸில் 'டிஃபால்ட் ஆப்ஸ்' பகுதிக்குச் சென்று பின்னொட்டைத் தட்டச்சு செய்தால், அவ்வகைக்கு நியமிக்கப்பட்ட செயலியைக் காணலாம், மாற்றலாம். மேக் கணினியில் 'கெட் இன்ஃபோ' சாளரத்தில் செயலியைத் தேர்ந்தபின் 'சேஞ்ச் ஆல்' என்பதை அழுத்தாவிட்டால் மாற்றம் அந்த ஒரு கோப்போடு நின்றுவிடும். பதிவேட்டில் நேரடியாகக் கைவைப்பதும், எல்லாவற்றையும் சரிசெய்வதாக விளம்பரப்படுத்தும் இலவசக் கருவிகளை நாடுவதும் சரிபார்ப்புக் குறியைக் குலைத்து, தேர்வையே அழிக்கக்கூடும். பின்னொட்டை மாற்றி எழுதுவதால் கோப்பின் உள்ளடக்கம் மாறிவிடாது; பெயரை மாற்றினால் ஆள் மாறாததுபோல. தமிழ்த் தரவுள்ள '.சிஎஸ்வி' கோப்பை இருமுறை சொடுக்கலாகாது. எக்செலின் 'டேட்டா' பட்டியலிலுள்ள இறக்குமதி வழியாகவோ, குறிமுறையைக் கேட்டபின் திறக்கும் லிப்ரே ஆஃபிஸ் வழியாகவோ திறக்க வேண்டும்.

இவை தற்காப்பு. தீர்வு வேறிடத்தில் இருக்கிறது. ஐரோப்பியப் பயனருக்குத் தரப்படும் ஒவ்வொரு தெரிவும் அதே மென்பொருளுக்குக் காசு கொடுக்கும் இந்தியப் பயனருக்கும் தரப்பட வேண்டும். புதுப்பிப்பு எதுவும் பயனரின் முந்தைய தேர்வை அவரைக் கேளாமல் மாற்றலாகாது என்பது சட்டமாக வேண்டும். பல்லாயிரம் கணினிகளை ஒப்பந்தப்புள்ளி வழியே வாங்கும் அரசும் பல்கலைக்கழகங்களும் இவ்விரண்டையும் கொள்முதல் நிபந்தனையாக எழுதினால், சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அதுவரை, கோப்பு திறக்கவில்லை என்று வரும் மாணவரை நோக்கி அறியாமை என்ற சொல்லை வீசுவோர், பின்னொட்டை மறைத்துவைத்தது யார் என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லட்டும்.